மேசன்: பெயரின் பொருள், வந்த வழி, இன்று எத்தனை பேருக்கு

கேள்வி இது: ‘பிறக்கப்போகும் பையனுக்கு மேசன் என்று பெயர் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. அதற்குப் பொருள் என்ன? அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை போன பெயராமே, வகுப்புக்கு நான்கு மேசன் இருப்பார்களோ? சில வருடங்களில் பழசாகிவிடுமோ?’

பொருள் ஒரு வரியில் அடங்கிவிடும்: கல்லைச் செதுக்கி, அடுக்கி, சுவர் எழுப்புகிறவர். கொத்தனார் வேலை, கல்தச்சர் வேலை இரண்டுமே அந்தச் சொல்லுக்குள் வரும். வகுப்புக்கு நான்கு பேர் என்ற பயம் வேண்டாம். பெயர் உச்சத்தில் இருந்த 2011-இல்கூட, அமெரிக்காவில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவாகவே அது வைக்கப்பட்டது. பதினைந்து பையன்கள் இருக்கும் வகுப்பு என்று கணக்குப் போட்டால், ஏழு வகுப்புக்கு ஒரு மேசன். பழசாகுமா என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் ஏன் ஏறியது என்று தெரிந்தால்தான் எப்படி இறங்கும் என்று சொல்ல முடியும்.

முதலில் தொழில். இடைக்கால இங்கிலாந்தில் மேசன் என்றால் ஒரே வேலை செய்யும் ஒரே ஆள் இல்லை. கற்குழியில் கல்லை உடைத்து எடுப்பவர் ஒருவர். பட்டறையில் மேடைமேல் வைத்து உளியும் கொட்டாப்புளியுமாகக் கல்லுக்கு வடிவம் கொடுப்பவர் இன்னொருவர். செதுக்கிய கல்லை ஏற்றி, சுண்ணாம்புச் சாந்து பரப்பி, தூக்குக்குண்டும் மூலைமட்டமும் பார்த்து வைப்பவர் மூன்றாமவர். இவர்களுக்கெல்லாம் மேலே தலைமை மேசன். இன்றைய கணக்கில் கட்டடக் கலைஞர், பொறியாளர், ஒப்பந்தக்காரர் மூவரும் சேர்ந்த ஆள் அவர். 1174-இல் கேன்டர்பரி பேராலயத்தின் ஒரு பகுதி எரிந்து போனபோது, திரும்பக் கட்ட அழைக்கப்பட்ட சான்ஸ் ஊர் வில்லியம் அப்படிப்பட்டவர். பிரான்சின் கான் நகரத்துக் கல்லைக் கடல்வழியாக வரவழைத்தார். ஒவ்வொரு கல்லும் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதற்கு அச்சு செய்து கொத்துவேலைக்காரர்களிடம் கொடுத்தார். 1178-இல் சாரத்திலிருந்து விழுந்து நடமாட முடியாமல் போக, வேலை ஆங்கிலேயரான இன்னொரு வில்லியத்தின் கைக்கு மாறியது.

எத்தனை பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பியூமாரிஸ் கோட்டை 1295-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமை மேசன், சவாய் நாட்டுக்காரரான செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ். பணம் கேட்டு 1296 பிப்ரவரியில் அரசருடைய கருவூலத்துக்குப் போன கடிதம் இன்றும் இருக்கிறது. 400 மேசன்கள், அவர்களுக்குக் கீழே 2,000 எடுபிடி ஆட்கள், கற்குழியில் 200 பேர், கல்லும் கரியும் கொண்டுவர 100 வண்டி, 60 பாரவண்டி, 30 படகு என்று அதில் கணக்கு வருகிறது. ஒரே கோட்டைக்கு இது. இதோடு பேராலயங்கள், மடங்கள், பாலங்கள், ஊர் மதில்கள் என்று நாடெங்கும் வேலை இருந்த காலம். ஊருக்கு ஊர் ‘மேசன் ஜான்’, ‘மேசன் ரிச்சர்ட்’ இருந்ததில் ஆச்சரியமில்லை.

கூலியும் மோசமில்லை. கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் பஞ்சம் வந்து கூலி ஏறியபோது, அதைக் கட்டுப்படுத்த 1351-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. செதுக்குக்கல் வேலையில் தேர்ந்த தலைமை மேசனுக்கு நாளைக்கு 4 பென்ஸ், மற்ற மேசன்களுக்கு 3 பென்ஸ், சித்தாளுக்கு ஒன்றரை பென்ஸ் என்று உச்சவரம்பு. அதே சட்டத்தில் தலைமைத் தச்சருக்கு 3 பென்ஸ்தான். அந்த ஒரு பென்னி வித்தியாசத்துக்குக் காரணம் திறமை. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை. மண்ணுக்குள் எந்தத் திசையில் படுத்திருந்ததோ அதே திசையில் சுவரிலும் படுக்க வேண்டும். அடுக்கை நிமிர்த்தி, முகப்பு பார்த்து வைத்துவிட்டால் மழையும் உறைபனியும் உள்ளே இறங்கி, சில பத்தாண்டுகளில் முகப்பு தகடு தகடாக உரிந்து வந்துவிடும். கல்லைப் பார்த்ததும் அதன் படுக்கை தெரிகிறவர்தான் மேசன். குளிர்காலத்தில் சாந்து இறுகுமுன் உறைந்து உதிர்ந்துவிடும் என்பதால் கட்டுமானத்தை நிறுத்தி, பாதிச் சுவரின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவைப்பார்கள். செதுக்குகிறவர்களுக்கு மட்டும் பட்டறைக்குள் வேலை தொடரும்.

சொல் எங்கிருந்து வந்தது? 1066-இல் வடக்குப் பிரான்சிலிருந்து நார்மானியர் வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் ஆங்கிலத்தில் இந்தத் தொழிலாளியைக் ‘கல்வேலைக்காரன்’ என்ற பொருளில் வேறு சொல்லால்தான் அழைத்தார்கள். மேசன் நார்மானியர்களின் பிரெஞ்சோடு கடல் கடந்து வந்தது. அதற்கு முந்தைய லத்தீன் வடிவம் ‘மாக்கியோ’. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர், உயரமான சுவர் கட்ட இவர்கள் ஏறி நிற்கும் ‘மாக்கினா’ என்ற சாரத்திலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்று எழுதிவைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஃபிராங்க் மக்களின் ஜெர்மானிய மொழியில் ‘செய்’ என்ற வினையிலிருந்து பிறந்தது என்பதே பொதுவான முடிவு. ஆங்கிலத்தின் ‘மேக்’, ஜெர்மனின் ‘மாகென்’ ஆகியவற்றுக்கு உறவு. கல்கொத்தரைக் குறிக்கும் ஜெர்மன் ‘ஷ்டைன்மெட்ஸ்’ என்பதன் பின்பாதியும் இதே குடும்பம். ஆக, வேர்ப்பொருள் ‘செய்கிறவன்’. பெயர்ப் புத்தகங்களில் ‘படைப்பாளி’ என்றெல்லாம் விரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தால், வேரை வைத்து ஜோடித்தது என்று விட்டுவிடுங்கள். ஆங்கிலத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து இதன் பொருள் கல்வேலைக்காரர் மட்டுமே.

தொழில் குடும்பப் பெயராக மாறியது 12 முதல் 14-ஆம் நூற்றாண்டுக்குள். வரி வசூலிக்கும் எழுத்தர் ஒரே ஊரில் ஆறு ஜான்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், உருவ அடையாளம், தொழில் என்று நான்கு வழிதான் அவருக்கு. லத்தீனில் எழுதினால் ‘செமென்டாரியுஸ்’ என்பார், பிரெஞ்சில் எழுதினால் ‘லெ மாசோன்’ அல்லது ‘லெ மாச்சுன்’. பிரான்சின் வடக்கு வட்டார உச்சரிப்பில் வந்த அந்த ‘மாச்சுன்’ தனியாகப் பிரிந்து, இன்றைய மேச்சின், மேச்சென் என்ற குடும்பப் பெயர்களாக நிற்கிறது. ஸ்காட்லாந்தில் மாசன் என்று இரட்டை எழுத்தோடும் எழுதுவார்கள். பிரான்சின் மாசோன், இத்தாலியின் முராத்தோரி, ஜெர்மனியின் மவுரர் எல்லாம் இதே தொழிலிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள்.

ஒரு முறை ஒட்டிக்கொண்ட பிறகு தொழில் போனாலும் பெயர் போகாது. அமெரிக்காவின் மேசன்–டிக்சன் எல்லைக்கோட்டை 1763 முதல் 1767 வரை அளந்த வானியலாளர் சார்ல்ஸ் மேசனுடைய தகப்பனார், குளோஸ்டர்ஷயரில் மாவு அரைத்து ரொட்டி சுட்டு விற்றவர். மறுபக்கம், 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் பெரிய மேசனான ஹென்றி யெவெல்லுக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலைப் புதுப்பித்தவருக்கு, குடும்பப் பெயர் ஒரு ஊரிலிருந்து வந்தது. மேசன் என்ற குடும்பப் பெயர் உள்ளவரின் முன்னோர் எல்லாருமே கல்கொத்தர்கள் என்று சொல்ல முடியாததற்கு இந்த இருவரும் போதும். கொடிவழியில் எங்கோ ஓர் ஆண் அந்தத் தொழில் செய்தார் என்பதுதான் அதிகபட்சம்.

குடும்பப் பெயர் எப்படிப் பிள்ளையின் முதல் பெயரானது என்பது அடுத்த கட்டம். இங்கிலாந்தின் மேல்குடியில் 16-ஆம் நூற்றாண்டிலேயே தாயின் பிறந்தவீட்டுப் பெயரை மகனுக்கு முதல் பெயராக வைக்கும் வழக்கம் தொடங்கிவிட்டது. ஜேன் கிரே அரசியின் கணவர் கில்ஃபோர்ட் டட்லிக்கு, தாயார் கில்ஃபோர்ட் குடும்பத்துப் பெண் என்பதால் வந்த பெயர் அது. சொத்துள்ள தாய்வழியை மறக்காமல் வைத்துக்கொள்ள அது ஒரு வழி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த வழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. 1759-இல் மேரிலாந்தில் பிறந்த மேசன் லாக் வீம்ஸ் என்ற பாதிரியாருக்கு முதல் பெயரே மேசன். ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டார் என்ற கதையைப் பரப்பியவர் இவர்தான். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் 1776-இல் உரிமைப் பிரகடனத்தை எழுதி, 1787-இல் உரிமைகள் பட்டியல் இல்லை என்பதற்காக அரசியல் சாசனத்தில் கையெழுத்திட மறுத்து நாடறிந்த ஆளானது அதற்கெல்லாம் பிறகு. எனவே ‘அவர் நினைவாகத் தொடங்கிய பெயர்’ என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். அவரால் பெயருக்கு மதிப்புக் கூடியிருக்கலாம், தொடக்கம் அவரில்லை.

அப்புறம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மேசன் முதல் பெயராக இருந்தது, ஆனால் சத்தமில்லாமல். அமெரிக்கர்கள் காதில் அது பெரும்பாலும் குடும்பப் பெயர்தான். 1957 முதல் 1966 வரை தொலைக்காட்சியில் ஓடிய வழக்கறிஞர் பெரி மேசன், நடிகர் ஜேம்ஸ் மேசன், 1858-இல் ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை வாங்கிய திருகுமூடிக் கண்ணாடி ஜாடி என்று எல்லாவற்றிலும் அது பின்னால்தான் வருகிறது. முன்னால் வரத் தொடங்கியது 1980-களில். 1990-களில் முதல் நூறுக்குள் நுழைந்து, 2009-இல் முப்பதுகளுக்கு வந்து, 2010-இல் 12-ஆம் இடம், 2011-இல் ஒரே தாவலில் 2-ஆம் இடம்.

இங்கேதான் எல்லாரும் ஒரு பதிலைக் கையில் வைத்திருப்பார்கள்: தொலைக்காட்சிப் பிரபலமான கோர்ட்னி கர்தாஷியன் 2009 டிசம்பரில் பிறந்த தன் மகனுக்கு மேசன் என்று பெயர் வைத்தார், தொலைக்காட்சியில் நாடே பார்த்தது, அதனால் ஏறியது. பாதி சரி. 2010, 2011 தாவல்களுக்கு அதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முந்தைய இருபது ஆண்டு ஏற்றத்துக்கு அந்தக் குழந்தை காரணமாக இருக்க முடியாது. பிரபலங்கள் வைத்த எத்தனையோ பெயர்கள் பட்டியலில் அசையவே இல்லை. ஏற்கெனவே சரிவில் ஏறிக்கொண்டிருக்கும் பெயரைத்தான் தொலைக்காட்சி பின்னாலிருந்து தள்ளிவிடும்.

என் கணிப்பில் அடிப்படைக் காரணம் ஓசை. 1970-களின் நடுவில் அமெரிக்கப் பையன்களுக்கு இரண்டாம் இடத்தில் இருந்த பெயர் ஜேசன். அந்தத் தலைமுறை முப்பதுகளை எட்டிப் பெற்றோரானபோது, ஜேசன் என்பது உடன் படித்தவன் பெயர், மகனுக்கு வைக்க முடியாது. முதல் எழுத்தை மாற்றினால் மேசன்: காதுக்குப் பழகிய ஓசை, வகுப்பில் யாருக்கும் இல்லாத பெயர். கூடவே ஒரு பெரிய அலை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்த பையன்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பெயர் ‘ன்’ ஒலியில் முடிந்தது. ஏய்டன், ஜேடன், லோகன், ஈதன், ஜாக்சன், கிரேசன், கார்சன் எல்லாம் அந்தக் கூட்டம். தொழில் பெயர்கள் மீது தனியாக ஒரு மோகமும் அப்போது இருந்தது உண்மைதான். ஆனால் ‘ர்’ ஒலியில் முடியும் கூப்பர், கார்ட்டர், பார்க்கர், ஹன்டர் யாரும் இரண்டாம் இடத்தைத் தொடவில்லை. தொழில் பெயரின் கம்பீரமும் ‘ன்’ முடிவும் ஒரே பெயரில் சேர்ந்தது மேசனுக்குத்தான்.

இனி எண்களை எப்படிப் படிப்பது. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் மேசனின் இடம்: 2011, 2012 இரண்டிலும் 2, 2013-இல் 4, 2014, 2015-இல் 3, 2016-இல் 4, 2017-இல் 7, 2018, 2019-இல் 9, 2020-இல் முதல் பத்துக்கு வெளியே. பிறகும் இறக்கம்தான். இந்த இட எண்ணைப் பார்த்துத்தான் பெற்றோர்கள் மிரள்கிறார்கள், அது தேவையில்லை. 1950-இல் இரண்டாம் இடத்தில் இருந்த ராபர்ட் 80,000-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது. அன்று பிறந்த பையன்களில் நூற்றுக்கு நாலரைப் பேர். 2011-இல் அதே இரண்டாம் இடத்துக்கு மேசனுக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 19,500. பெற்றோர்கள் இன்று ஆயிரக்கணக்கான பெயர்களில் பரவிவிட்டார்கள், அதனால் உச்சியின் உயரமே குறைந்துவிட்டது. இட எண் பந்தயத்தில் யார் முன்னே என்று மட்டும் சொல்லும். உங்கள் மகன் பள்ளியில் எத்தனை பேரோடு பெயரைப் பகிர்வான் என்பதைப் பங்கு விழுக்காடுதான் சொல்லும்.

அதை நீங்களே கணக்கிடலாம். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் 1880 முதல் ஆண்டுக்கொரு கோப்பு இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் பெயர், பாலினம், எண்ணிக்கை மூன்றும் காற்புள்ளியால் பிரித்து இருக்கும். விரிதாளில் திறந்து, ஆண் வரிகளை மட்டும் வடிகட்டி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மேசனின் எண்ணிக்கையை அதால் வகுத்தால் பங்கு வந்துவிடும். மாநில வாரிக் கோப்பும் தனியாக உண்டு. நீங்கள் வாழும் மாநிலத்தைப் பார்ப்பதே உபயோகம், நாட்டுச் சராசரி பல சமயம் ஏமாற்றும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில. ஒன்று, எழுத்துக்கூட்டல் மாறினால் தனிப்பெயராக எண்ணப்படும். மேசனுக்கு ‘எஸ்’ஸுக்கு முன் ‘ஒய்’ சேர்த்தும், ‘ஐ’ சேர்த்தும், ‘ஓ’வுக்குப் பதில் ‘இ’ போட்டும் எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் சிறுபான்மை. ஜாக்சன் கதை வேறு. மூன்று முக்கிய எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துக் கூட்டினால், பட்டியலில் மேசனுக்குக் கீழே இருந்த பல ஆண்டுகளில் ஜாக்சன் அதை முந்திவிடும். ஆக, மேசனின் உயர்ந்த இடத்துக்கு ஓரளவு காரணம், எல்லாரும் அதை ஒரே மாதிரி எழுதியது. இரண்டு, ஐந்து பேருக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்கள் தனியுரிமைக்காகப் பட்டியலில் இருக்காது, அதனால் கூட்டுத்தொகை மொத்தப் பிறப்புகளைவிடச் சற்றுக் குறையும். பங்கு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மூன்று, நடுப்பெயர் எண்ணப்படுவதில்லை. நான்கு, 1937-க்கு முன் பிறந்தவர்களில் பலர் சமூகப் பாதுகாப்பு அட்டையே வாங்கவில்லை, எனவே பழைய ஆண்டுகளின் எண்ணிக்கையை இன்றையதோடு நேராக ஒப்பிடக் கூடாது. குழந்தைப் பெயர் தளங்கள் வெளியிடும் ‘இந்த ஆண்டின் முதல் நூறு’ பட்டியல்களையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சில தளங்கள் தங்கள் பயனர்களின் குழந்தைகளை மட்டும் எண்ணுகின்றன, சில எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்க்கின்றன.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் விரிதாள் உண்டு. அங்கே மூன்று பேருக்கு வைத்திருந்தாலே பெயர் வெளிவரும், வட்டார வாரியாகவும் பிரித்திருப்பார்கள். மேசன் அங்கே பரவலான பெயர், ஆனால் முதல் பத்துக்குள் வந்ததில்லை. கால்பந்து ரசிகர்கள் 1999-இல் பிறந்த மேசன் மவுன்ட் வழியாகவே பெயரை அறிவார்கள். பிரிட்டிஷ் காதில் இது கொஞ்சம் அமெரிக்க வாடையும் கொஞ்சம் மைதான வாடையும் கலந்த பெயர். பழைய பாணிப் பெயர்களை விரும்பும் வட்டங்களில் அவ்வளவாக எடுபடாது என்பது என் எண்ணம்.

பழசாகுமா? ஆகும், ஆனால் நிதானமாக. முன்னோடி டைலர். கூரை ஓடு வேய்கிறவர் என்ற தொழில் பெயர் அது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 5-ஆம் இடம்வரை ஏறி, இன்று முதல் நூறிலேயே இல்லை. டைலர் என்றாலே இன்று முப்பது வயதை ஒட்டிய ஆள் நினைவுக்கு வருகிறார். மேசனும் அப்படி 2008 முதல் 2018 வரை பிறந்த பிள்ளைகளின் முத்திரையாகும். இன்று பிறக்கும் மேசன், அவர்களுக்குப் பத்துப் பதினைந்து வயது இளைய மேசனாக இருப்பான். இதில் அவமானம் எதுவும் இல்லை. டேவிட், டேனியல் போலத் தலைமுறைகளைத் தாண்டி ஓரளவு ஒரே மட்டத்தில் நிற்கும் பெயர் வேண்டும் என்றால் மட்டும் இது அந்த ரகம் இல்லை.

இரண்டு தவறான புரிதல்களையும் தீர்த்துவிடலாம். கடைசியில் வரும் ‘சன்’ மகன் என்ற பொருளில் வருவது இல்லை. ஜாக்சன் ஜாக்கின் மகன், கிரேசன் கிராமக் காரியக்காரரின் மகன். மேசனில் அது பிரெஞ்சுச் சொல்லின் வால், ஜேசனில் கிரேக்கப் பெயரின் வால். அடுத்தது ஃப்ரீமேசன் சங்கம். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு குழுக்கள் கூடிப் ‘பெரிய லாட்ஜ்’ என்ற தலைமைச் சபையை அமைத்ததிலிருந்து அது அமைப்பாக வளர்ந்தது; கல்கொத்தர்களின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் சின்னமாக எடுத்துக்கொண்டது. எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலைக் கடந்து போகிறவர்களுக்குச் சின்னம் பழக்கம். பிள்ளைக்கு மேசன் என்று பெயர் வைப்பதற்கும் அந்தச் சங்கத்துக்கும் தொடர்பு இல்லை, ஆங்கிலேயர் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும் சில நடைமுறை விஷயங்கள். மக நட்சத்திரம் நான்காம் பாதத்துக்கு எழுத்து ‘மே’. அதில் தொடங்கும் ஆண் பெயர் தமிழில் அதிகம் இல்லை என்பதால்தான் பல வீடுகளில் இந்தப் பெயர் பேச்சுக்கே வருகிறது. உச்சரிப்பில் சிக்கல் இல்லை. மேசன் என்று எழுதினால் தமிழ் தெரிந்த தாத்தா பாட்டியும் சரியாகவே படிப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உறவினர் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே மேசன் என்பது அன்றாடப் பேச்சில் வீடு கட்ட வருகிற ஆள். ‘மேசன் நாளைக்கு வருவாராம்’ என்றால் பிள்ளையைச் சொல்கிறார்களா, மதில் கட்டுகிறவரையா என்று சிரிப்பு எழும். தமிழ்நாட்டில் கொத்தனார், மேஸ்திரி என்பதே பெருவழக்கு, ஆனாலும் கட்டடத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் தெரியும்.

படிவங்களில்தான் உண்மையான தொல்லை. தகப்பன் பெயரை முன்னால் போட்டுப் பிள்ளை பெயரைப் பின்னால் எழுதும் வழக்கம் உள்ள வீட்டில், கடைசியில் நிற்கும் மேசனை எந்த ஆங்கில அலுவலகமும் குடும்பப் பெயர் என்றே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அவர்களுக்கு அது குடும்பப் பெயரும்தான். கார்த்திக் என்றோ முருகன் என்றோ இருந்தால் எழுத்தர் ஒரு கணம் தயங்கிக் கேட்பார். மேசனில் அந்தத் தயக்கமே வராது. பிறப்புப் பதிவு, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் முதல் பெயர் கட்டத்தில் மேசன், குடும்பப் பெயர் கட்டத்தில் தகப்பன் பெயர் என்று ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள். மாறிப் பதிவானால் பாஸ்போர்ட் எடுக்கும்போது திருத்த அலைய வேண்டி வரும். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போடும் வழக்கத்தை உங்கள் மகனும் தொடர்ந்தால், பேரப்பிள்ளைகளின் பெயர் மேசன் என்று முடியும். அந்தப் பெயரைப் பார்க்கிறவர் அவர்களை ஆங்கிலேயக் குடும்பம் என்றே நினைப்பார். பிடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் விருப்பம், இப்போதே யோசித்துவைப்பது நல்லது.

தொழில் பெயர்தான் வேண்டும், ஆனால் மேசன் அளவுக்குப் புழங்கியது வேண்டாம் என்றால் பார்க்க வேண்டியவை: சாயர் (மரம் அறுப்பவர்), ஃபிளெட்சர் (அம்பு செய்பவர்), பாக்ஸ்டர் (ரொட்டி சுடுபவர், ஆதியில் பெண்பாற் சொல்), ஸ்பென்சர் (பெரிய வீட்டின் உக்கிராணக்காரர்). தாட்சர் கூரை வேய்பவர்தான், ஆனால் பிரிட்டனில் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரால் அந்தப் பெயரோடு வரும் அரசியலைப் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். பால்மரைத் தொழில் பெயர்ப் பட்டியல்களில் சேர்த்துவிடுகிறார்கள். அது எருசலேம் போய்வந்து கையில் பனை ஓலை வைத்திருந்த யாத்ரீகருடைய பெயர்.